தூதரகமே கிடையாது, ஆனா ஆயிரக்கணக்கான கோடி முதலீடு: தைவானுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன உறவு? மரக்காணம் உப்பளத்துக்கு அதில் பங்கு உண்டா?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியா புதுச்சேரி போறவங்களுக்கு மரக்காணம் ஒரு அடையாளம். சாலையோரம் கட்டம் கட்டமாகப் பாத்தி, நடுவில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், வெயிலில் பலகை பிடித்து உப்பு வாரும் ஆட்கள். பலர் காரை நிறுத்தி செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க.

அதே மரக்காணத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் செய்யாறு, உளுந்தூர்பேட்டை, கொஞ்சம் தள்ளி ஸ்ரீபெரும்புதூர் என்று ஒரு வளையம் இருக்கு. அங்கே ஷூ தைக்கும் ஆலைகளும் செல்போன் பூட்டும் ஆலைகளும் வந்திருக்கின்றன, வந்துகொண்டும் இருக்கின்றன. அவற்றில் பெரியவை பலவற்றின் தலைமை அலுவலகம் இருப்பது ஒரே இடத்தில்: தைவான்.

இங்கேதான் ஒரு குழப்பம். தைவானை இந்தியா தனி நாடாக அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கவில்லை. டெல்லியில் தைவான் தூதரகம் கிடையாது. பிறகு தமிழ்நாடு அரசு அவர்களோடு எப்படி ஒப்பந்தம் போடுகிறது? ஒரு மாநிலத்துக்கு அந்த உரிமை இருக்கா? கோடிக் கணக்கில் முதலீடு என்று அறிவிப்பு வரும்போது அதில் எவ்வளவு நிஜம்? உப்பளத்தில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இதில் கிடைப்பது என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தைவான் நாடா, இல்லையா?

பரப்பளவில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தீவு அது. சுமார் 36 ஆயிரம் சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஏறத்தாழ 2.3 கோடி. சீன உள்நாட்டுப் போரில் 1949ல் தோற்ற தரப்பு அந்தத் தீவுக்குப் போய் ஆட்சியைத் தொடர்ந்தது. அந்த ஆட்சி அப்போது ஜனநாயகம் கிடையாது. 1949ல் கொண்டுவந்த ராணுவச் சட்டத்தை 1987ல்தான் விலக்கினார்கள். அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1996ல். ஆளும் கட்சி தோற்று எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது 2000ல். இன்று ஆசியாவின் உறுதியான ஜனநாயகங்களில் ஒன்றாகத் தைவானைச் சொல்கிறார்கள். லாய் சிங்-தே 2024 மே 20 அன்று அதிபரானார்.

சீனா இதை ஏற்பதில்லை. தைவான் தன் மாகாணம் என்கிறது. பெய்ஜிங்கோடு தூதரக உறவு வேணும்னா தைபேயோடு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அதனால் தைவானோடு முழு தூதரக உறவு வைத்திருப்பது உலகத்தில் பத்துப் பன்னிரண்டு சின்ன நாடுகள்தான்.

இந்தியா 1949 டிசம்பர் 30 அன்றே மக்கள் சீனக் குடியரசை அங்கீகரித்துவிட்டது. அப்புறம் நாற்பத்தைந்து ஆண்டு தைவானோடு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1995ல் தைபேயில் 'இந்தியா - தைபே சங்கம்' என்று ஒரு அலுவலகத்தை இந்தியா திறந்தது. பதிலுக்கு டெல்லியில் 'தைபே பொருளாதார, கலாச்சார மையம்' வந்தது. பெயர்ப்பலகையில் தூதரகம் என்று இருக்காது. 'தைவான்' என்ற பெயர்கூட இருக்காது. ஆனால் விசா கொடுப்பது, வர்த்தகம் பேசுவது, மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்பாடு செய்வது என எல்லா வேலையும் நடக்கும்.

அந்த மையத்துக்கு டெல்லிக்கு வெளியே முதல் கிளை திறந்த ஊர் மும்பை இல்லை, சென்னை. 2012லேயே திறந்துவிட்டார்கள். மும்பைக்கு 2024 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் சீனாவின் ஆட்சேபத்தோடு. நாட்டின் வணிகத் தலைநகருக்கு 12 வருஷம் முன்னாடியே சென்னைக்கு வந்தார்கள் என்றால், தைவான் கம்பெனிகளின் கண் எங்கே இருந்தது என்று புரியும்.

மாநில அரசு வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடலாமா?

போட முடியாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்று உண்டு. வெளியுறவு மத்தியப் பட்டியலில் 10வது. வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்வது 14வது. வெளிநாட்டு வர்த்தகம், ஏற்றுமதி, இறக்குமதி 41வது. மூன்றுமே டெல்லி கையில். இரட்டை வரி விதிப்பைத் தவிர்க்கும் ஒப்பந்தம் 2011ல், முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2018ல், தொழிலாளர் பரிமாற்ற ஒப்பந்தம் 2024ல் என இந்தியா - தைவான் இடையே கையெழுத்தானவை எல்லாமே அந்த இரண்டு அலுவலகங்களின் பெயரில், மத்திய அரசின் ஒப்புதலோடு நடந்தவை. மாநிலம் அதில் கையெழுத்துப் போடவில்லை.

அப்படின்னா சென்னையில் முதல்வர் முன்னிலையில் கோப்பு மாற்றிக்கொள்ளும் போட்டோ? அது கம்பெனியோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தம். தைவான் அரசோடு இல்லை, தைவானைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தோடு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிலம் யார் தருவது? மாநிலம். தண்ணீர், மின்இணைப்பு, சாலை, போலீஸ் பாதுகாப்பு, தொழிற்சாலை உரிமம்? இதிலும் பெரும்பகுதி மாநிலம். 1971ல் தொடங்கிய சிப்காட் நிலத்தைக் கையகப்படுத்திப் பூங்கா போட்டுக் கொடுக்கிறது. 'கைடன்ஸ்' என்ற முதலீட்டு ஊக்குவிப்பு அமைப்பு ஆள் பிடித்து வருகிறது. ஜப்பான், கொரியா மாதிரி தைவானுக்கும் தனியாக ஆள் ஒதுக்கியிருக்கிறது அந்த அமைப்பு.

டெல்லியும் இதைத் தடுப்பதில்லை. வெளியுறவு அமைச்சகத்தில் 2014ல் மாநிலங்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். தைவான் விஷயத்தில் இந்த ஏற்பாடு டெல்லிக்கு இன்னும் வசதி. மத்திய அமைச்சர் தைபேக்குப் போனால் சீனா கோபப்படும். மாநில அதிகாரி போய் ஷூ கம்பெனியைப் பார்த்துவிட்டு வந்தால் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். 2024 ஜூனில் மோடிக்கு லாய் சிங்-தே எக்ஸ் தளத்தில் வாழ்த்துச் சொல்ல, மோடி நன்றி சொன்னதற்கே பெய்ஜிங் எதிர்ப்புத் தெரிவித்தது. அதோடு ஒப்பிட்டால் சிப்காட் அடிக்கல் நாட்டு விழா சத்தமே இல்லாமல் போய்விடுகிறது.

வந்தவர்கள் யார்?

செல்போனில் தொடங்கலாம். ஃபாக்ஸ்கான் முதலில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது நோக்கியாவின் நிழலில். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியதும், அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் யூனிட்டும் மூடப்பட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அப்போது வேலை இழந்தவர்களைக் கேட்டால் போதும். பிறகு மறுபடி வந்து, 2019 முதல் ஐபோன் தயாரிப்பு சூடுபிடித்தது. பெகாட்ரான் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2022ல் உற்பத்தி தொடங்கியது. 2025 ஜனவரியில் அதன் 60 சதவீதப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிவிட்டது. கிருஷ்ணகிரியில் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது.

அடுத்தது ஷூ. இதில்தான் வட மாவட்டங்களும் மத்திய மாவட்டங்களும் வருகின்றன. நைக்கிக்குச் செய்து கொடுக்கும் ஃபெங் டே குழுமம் பல வருஷமாகச் செய்யாறில் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருட்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அதற்கு முன்னும் பின்னும் வரிசையாக அறிவிப்புகள் வந்தன. உலகத்தின் பெரிய ஷூ தயாரிப்பாளர்களில் ஒன்றான பவ் சென், கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டைக்கு 2023 ஏப்ரலில் கையெழுத்துப் போட்டது. 12 ஆண்டுகளில் ரூ.2,302 கோடி, 20,000 வேலை என்றார்கள். அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் டீன் ஷூஸ் ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல்: ரூ.1,000 கோடி, 15,000 வேலை. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹோங் ஃபூ ஆலைக்கு அடுத்த மாதமே அடிக்கல்: ரூ.1,500 கோடி, 25,000 வேலை. பெரம்பலூர் எறையூரில் தைவான் கூட்டோடு கோத்தாரி குழுமம் தொடங்கிய ஆலை 2023 நவம்பரிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது.

பெயர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். சென்னையை ஒட்டிய பகுதிகள் இல்லை இவை. பெரும்பாலும் விவசாயக் கூலியை நம்பிய மாவட்டங்கள். ஷூ தைக்கும் வேலைக்கு ஆயிரக்கணக்கான கைகள் வேணும். சீனாவில் கூலி ஏறிவிட்டது. வியட்நாமில் ஆள் கிடைப்பது குறைகிறது. அங்கே இருந்த ஆலைகள் அடுத்த இடம் தேடுகின்றன. தமிழ்நாட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்கள் அதிகம், வேலைக்கு அனுப்பவும் குடும்பங்கள் தயார். நட்பு, கலாச்சாரம் என்று மேடையில் எவ்வளவு பேசினாலும் இந்த உறவின் அடிப்படைக் கணக்கு இதுதான்.

இந்தியா - தைவான் மொத்த வர்த்தகம் 2024ல் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. இதில் தமிழ்நாட்டுக்குப் போட்டியும் உண்டு. ஃபாக்ஸ்கான் பெங்களூரு தேவனஹள்ளிக்கும் ஹைதராபாத் பக்கமும் போயிருக்கிறது. தைவானின் பி.எஸ்.எம்.சி தொழில்நுட்பத்தோடு டாடா கட்டும் சிப் ஆலை குஜராத் தொலேராவுக்குப் போனது. உப்பிலும் குஜராத்தான் முதலிடம் என்பதை மரக்காணத்துக்காரர்கள் ஞாபகப்படுத்துவார்கள்.

'கோடி' அறிவிப்பை எப்படிப் படிக்கணும்?

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் 'செய்யலாம்னு இருக்கோம்' என்று இரு தரப்பும் எழுதிக்கொள்வது. பொதுவாக அது சட்டப்படி கட்டாயப்படுத்தாது. கல்யாணப் பேச்சு மாதிரி. நிச்சயதார்த்தம்கூட ஆகலை. நிலம் ஒதுக்கீடு, அடிக்கல், கட்டுமானம், ஆள் எடுப்பு, முதல் ஏற்றுமதி என்று ஒவ்வொரு படியாக வரணும். 12 ஆண்டுகளில் முதலீடு என்றால் முதல் வருஷமே அத்தனை வேலையும் வராது.

2025 அக்டோபரில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஃபாக்ஸ்கான் ரூ.15,000 கோடி முதலீடு, 14,000 வேலை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் சந்திப்பில் புதிய முதலீடு எதுவும் பேசப்படவில்லை என்று நிறுவனத் தரப்பு சொன்னதாகச் செய்தி வந்தது. எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. ஏற்கெனவே பேசி முடித்ததன் தொடர்ச்சிதான் என்று அரசுத் தரப்பு விளக்கம் கொடுத்தது. யார் சொன்னது சரி என்ற சண்டையை விட்டுவிடலாம். ஒரு வாசகராக நாம் பார்க்க வேண்டியது, எந்தத் தேதியில் எந்த ஊரில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தார்கள் என்பதை. அந்தக் கணக்கை எந்த அரசும், எந்தக் கட்சி அரசும், அடிக்கல் விழா அளவுக்கு விளம்பரப்படுத்துவதில்லை.

வேலை கிடைக்குது, எப்படிப்பட்ட வேலை?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். அதுவரை ஐபோன் இங்கே தயாராகுது என்று பெருமையாகப் பேசிய நமக்கு, அதைச் செய்கிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு விடுதி என்பது அரசின் தலைவலியானது. வல்லம் வடகாலில் ரூ.706.50 கோடியில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். அதே ஆண்டு ஜனவரியில் அவருக்கு இந்திய அரசு பத்ம பூஷண் அறிவித்திருந்தது. தூதரக உறவு இல்லாத இடத்துத் தொழிலதிபருக்கு நாட்டின் மூன்றாவது உயரிய குடிமக்கள் விருது!

இடையில் ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வு வெளியிட்டது. திருமணமான பெண்களை ஐபோன் பிரிவுக்கு வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்பது அதன் சாரம். நிறுவனம் பாகுபாடு இல்லை என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களில் பெரும்பாலானோர் கல்யாணமாகிக் குழந்தை உள்ளவர்கள். அவர்களுக்கு இந்த மாதிரி வேலையின் கதவு எவ்வளவு திறந்திருக்கு என்ற கேள்வி அங்கேதான் வருது. மகளுக்குக் கிடைக்கலாம், அம்மாவுக்குக் கிடைப்பது கஷ்டம்.

நிலத்தையும் சேர்த்துப் பார்க்கணும். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் எடுக்கத் திட்டமிட்டபோது விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். 2023 நவம்பரில் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. நெல் விளையும் நிலம் ஏன் என்பது அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தைபேயில் இல்லை, சென்னையில்தான் இருக்கிறார்கள்.

சரி, மரக்காணம் உப்பு தைவானுக்குப் போகுமா?

தமிழ் பி.ஏ படித்துவிட்டு உப்பைப் பற்றி எழுதும்போது உமணரைச் சொல்லாமல் இருக்க முடியலை. நெய்தல் நிலத்து உப்பை மாட்டு வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியவர்கள் அவர்கள். கூட்டமாகப் போவார்கள், குடும்பத்தோடு போவார்கள். இன்றைக்கு வண்டிக்குப் பதில் லாரி. மற்றபடி வணிகம் பெரிதாக மாறவில்லை. உப்பு மலிவு, எடை அதிகம். விற்கும் விலையில் பெரும்பகுதியைப் போக்குவரத்தே சாப்பிட்டுவிடும்.

அதனால்தான் உப்பு ஏற்றுமதி என்றாலே கப்பல் பக்கத்தில் நிற்கும் ஊருக்குத்தான் லாபம். கட்ச் வளைகுடாவை ஒட்டிய குஜராத் உப்பளங்கள் துறைமுகங்களுக்கு அருகில் இருக்கின்றன. சீனாவுக்கும் கொரியாவுக்கும் கப்பல் கப்பலாகப் போகிறது. நம்மூரில் தூத்துக்குடிக்கு அந்த வசதி உண்டு. பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம்தான். ஒரு காலத்தில் தோணிகள் அதில் சரக்கு ஏற்றிப் போயின. இன்று அந்தக் கால்வாயில் சரக்கு போக்குவரத்து இல்லை, கப்பல் அணையும் துறைமுகமும் இல்லை. தைவான் தனக்கு வேண்டிய தொழில் உப்பைப் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குகிறது. அதனால் நேரடியாகச் சொன்னால், மரக்காணம் உப்பு தைபேக்குப் போகும் வாய்ப்பு இப்போதைக்கு இல்லை.

'ஷூவுக்குத் தோல் வேணும், தோலுக்கு உப்பு வேணுமே, அந்த வழியா சந்தை வருமா?' என்று எங்கள் டெஸ்க்கிலேயே ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. உரித்த தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பது ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் காலங்காலமான வழக்கம். ஆனால் தைவான் ஆலைகள் செய்வது பெரும்பாலும் தோல் இல்லாத விளையாட்டு ஷூ. துணி, ரப்பர், நுரைப் பொருள், பிளாஸ்டிக். அதில் உப்புக்கு நேரடி வேலை இல்லை.

இன்னொரு விஷயம். உப்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 58வது இனம். காந்தி தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்த 1930க்குப் பிறகும் உப்பின் மீதான பிடியை டெல்லி முழுசாக விடவில்லை. மரக்காணத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் பரவிய உப்பளங்களில் மத்திய அரசு நிலமும் உண்டு, மாநில அரசு நிலமும் உண்டு. குத்தகைதாரர் ஒருவர், பாத்தியில் இறங்குபவர் வேறொருவர். மத்திய உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் இருப்பது ஜெய்ப்பூரில். வெளிநாட்டு ஷூ கம்பெனிக்கு ஒரே சாளரத்தில் அனுமதி கிடைக்கும். உள்ளூர் உப்புத் தொழிலாளி குத்தகைப் பிரச்சினைக்கு எந்தச் சாளரத்தைத் தட்டணும் என்று கேட்டால் பதில் சொல்ல நேரம் பிடிக்கும்.

மாநில அரசு செய்தவை என்றால், மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு ரூ.5,000 நிவாரணம். 1974ல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2022ல் 'நெய்தல்' என்ற பெயரில் சமையல் உப்பைக் கொண்டுவந்தது. ஆனால் அதன் உற்பத்தி ராமநாதபுரம் வாலிநோக்கம் பக்கம். மரக்காணத்தில் ஜனவரி வாக்கில் பாத்தி கட்டினால் மழை தொடங்கும் வரை ஓட்டம். அதன் பிறகு கையில் எதுவும் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது உப்பளங்கள் மொத்தமாக மூழ்கின. பாத்தியை மறுபடி முதலிலிருந்து செப்பனிட வேண்டியிருந்தது.

தைவானின் உப்பளங்களுக்கு என்ன ஆச்சு?

தைவானிலும் ஒரு மரக்காணம் இருந்தது. தென்மேற்குக் கடற்கரையில் தைனான் நகரம், ச்சிகூ, புடாய் பகுதிகள். 1665ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் வெயில் உப்புத் தொழில் அங்கே 338 ஆண்டுகள் ஓடி 2002ல் நின்றுபோனது. கூலி ஏறியது, இறக்குமதி உப்பு மலிவாகக் கிடைத்தது, இளைஞர்கள் ஆலைகளுக்குப் போய்விட்டார்கள். அதாவது இன்று செய்யாறிலும் உளுந்தூர்பேட்டையிலும் ஆலை போடுகிற நாட்டில், ஆலைகள்தான் உப்பளத்தின் ஆட்களை இழுத்துக்கொண்டன.

அதன் பிறகு அவர்கள் செய்தது கவனிக்க வேண்டியது. ச்சிகூவில் குவிந்து கிடந்த உப்பு மலையைச் சுற்றுலாத் தலமாக்கினார்கள். குடும்பத்தோடு வந்து ஏறிப் பார்க்கிறார்கள். உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பதித்த பழைய பாத்திகளை ஒரு இடத்தில் மீட்டெடுத்து, பயணிகள் உப்பு வாரிப் பார்க்க வைத்திருக்கிறார்கள். அரசின் உப்பு நிறுவனமாக இருந்த தையென் தனியார்மயமாகி அழகு சாதனப் பொருளும் பாட்டில் தண்ணீரும் விற்கிறது. பகுதி நிலம் பறவைகளுக்குப் போனது. உலகத்திலேயே அரிதான கருமுகக் கரண்டிவாயன் குளிர்காலத்தில் வந்து தங்கும் முக்கிய இடம் அது. 2009ல் தைஜியாங் தேசியப் பூங்கா வந்தது. இன்னொரு பகுதி நிலத்தில் சூரிய மின்பலகைகள் வந்தன. பறவை ஆர்வலர்களுக்கும் மின்திட்டக்காரர்களுக்கும் அங்கேயும் சண்டை உண்டு.

மரக்காணத்தை ஒட்டியும் பறவைகள் வரும் கழுவேலி ஏரி இருக்கிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் உப்பளத்தைப் பார்க்க வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூட உப்பு வாருபவருக்குப் போவதில்லை. ஈ.சி.ஆரில் நின்று போட்டோ எடுப்பது இலவசம். தைவானிடம் தமிழ்நாடு கேட்டு வாங்கக்கூடிய விஷயம் முதலீடு மட்டும்தானா? மூடிய உப்பளத்தை வைத்து ஊரை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்பதற்குக் கோடிகள் தேவையில்லை. இதுவரை எந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தச் செய்தியிலும் உப்பளம் என்ற சொல்லை நான் பார்க்கவில்லை.

நட்பு என்ற பகுதி

வணிகம் தவிர ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கு. தைவான் கவிஞர் யூசி திருக்குறளை மாண்டரின் மொழியில் பெயர்த்தவர். தமிழ்நாடு அரசின் ஆதரவோடு நடந்த வேலை அது. பாரதியார், பாரதிதாசன் பாடல்களையும் அவர் சீன மொழிக்குக் கொண்டுபோனார். தைவான் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்கள் கணிசம். உதவித்தொகை கிடைக்குது என்பதால் கிராமத்துக் கல்லூரிகளிலிருந்தும் போகிறார்கள். தைவான் தமிழ்ச் சங்கம் அங்கே பொங்கல் கொண்டாடுகிறது.

வேலைக்குப் போவது பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரி 16 அன்று இந்தியத் தொழிலாளர்களை எடுப்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்தத் துறை, எத்தனை பேர் என்பதைத் தைவான் தரப்புதான் தீர்மானிக்கும். அங்கே உள்ளூரில் எதிர்ப்பும் கிளம்பியது. வடகிழக்கு இந்தியர்களின் தோல் நிறமும் உணவும் எங்களுடையதுக்கு நெருக்கம் என்ற பொருளில் அன்றைய தைவான் தொழிலாளர் அமைச்சர் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் ஒரு செய்தி இருந்தது.

ஒப்பந்தம் வந்துவிட்டது என்பதை வைத்து 'தைவானில் வேலை, லட்சத்தில் சம்பளம்' என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று முதலில் பாருங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கு. மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கின்றன. விசாவுக்குச் சென்னையிலேயே உள்ள தைபே பொருளாதார, கலாச்சார மையத்துக்குத்தான் போகணும். தூதரகம் எங்கே என்று தேடினால் கிடைக்காது.